மெழுகு, மரம், காகிதம்

உடலின் உள்ளுறுப்புகளை மாணவர்க்குக் காட்டும் செயற்கை உருவங்களை எப்பொருளால் செய்வது? பிணங்கள் அரிதாகவும் விரைவில் அழுகுவனவாகவும் இருந்த காலத்தில் ஐரோப்பிய மருத்துவ ஆசிரியர்களை வருத்திய வினா இது.

ஃபிளாரன்ஸ் நகரில் 1775-இல் திறக்கப்பெற்ற லா ஸ்பெகோலா அருங்காட்சியகத்தின் தலைவர் ஃபெலிசே ஃபொன்டானா மெழுகைத் தேர்ந்தார். உண்மையுறுப்பின்மேல் சுதையால் அச்செடுத்து, அதனுள் நிறமூட்டிய தேன்மெழுகை உருக்கி வார்த்தனர். ஈரத்தசையின் மினுமினுப்பை மெழுகுபோல் காட்டும் பொருள் அக்காலத்தில் வேறில்லை. புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் யோசேப்பு, வியன்னாவின் படைமருத்துவப் பள்ளிக்கென ஆயிரத்துக்கும் மேற்பட்ட மெழுகுருவங்களை வருவித்தார். கோவேறு கழுதைகள் அவற்றை ஆல்ப்ஸ் மலைக்கு அப்பால் சுமந்து சென்றன.

அழகு பெரிது, அதன் விலையும் பெரிது. தேன்மெழுகு என்பது தேனீயின் கூடு. ஊன், கள், தேன் என்னும் மூன்றையும் விலக்குதலை இல்லறத்தாரின் மூலகுணங்களுள் வைத்த சமணர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஃபொன்டானாவின் கவலையோ வேறு. மெழுகு வெப்பத்தில் இளகும், கைபட்டால் உடையும். மாணவன் காணலாமேயன்றிப் பிரித்துப் பார்த்தல் இயலாது. எனவே அவர் கழற்றிப் பூட்டத்தக்க மரமனிதனைச் செய்விக்க முனைந்தார். மரம் ஈரக்காற்றில் பருத்தது, வறட்சியில் சுருங்கியது. கழற்றிய துண்டுகள் மீண்டும் பொருந்த மறுத்தன. பேருழைப்பு வீணாயிற்று என்றே கூற வேண்டும்.

விடை நார்மண்டிச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தது. லூயி ஓஸூ (1797–1880) என்னும் மருத்துவர், காகிதக்கூழோடு மாவுப்பசை, தக்கைத்தூள், சுண்ணப்பொடி முதலியவற்றைக் கலந்து அச்சுகளில் அழுத்தினார். நவராத்திரிக் கொலுவின் காகிதக்கூழ் பொம்மையை அறிந்தோர்க்கு அதன் உறுதியும் எடைக்குறைவும் நன்கு தெரியும். உறுப்புகள் எண்ணிடப்பெற்றுக் கொக்கிகளால் இணைக்கப்பெற்றன. இதயத்தைக் கையிலெடுத்துத் திறந்து காணலாம். ஊர் மக்களே தொழிலாளராயினர். உடற்கூற்றியலையும் அவர்கள் கற்றனர். விலை குறைந்ததால் கடல்கடந்த பள்ளிகளும் அவ்வுருவங்களை வாங்கின. மேற்பூச்சில் விலங்குப்பசையும் சேர்ந்தமையால், இதனை முற்றிலும் கொல்லாமையின் ஆக்கம் எனல் மிகையாகும்.

இன்று சிலிக்கோன் முதலியன வந்துவிட்டன. எனினும் அல்ட்ராசவுண்டு பயிற்சிக்குரிய மென்தசை மாதிரிகள் பலவற்றில் விலங்கின் தோல், எலும்புகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டினே இன்னும் பயன்படுகிறது. கடற்பாசியின் அகரும், பாலிவினைல் ஆல்கஹாலை உறையவிட்டும் உருகவிட்டும் ஆக்கும் கூழ்மமும் அப்பணிக்கு உதவுவனவே. மருத்துவம் பயிலும் சமண இளைஞர் தம் ஆய்வகத்தில் உள்ளது எது என வினவலாம்.