துண்டு முறையும் தோட்டக் கூலியும்

இலங்கை மலையகத்தின் வரலாற்றை வாசிப்போர் 'துண்டு' என்னும் சொல்லைத் தவறாமல் எதிர்கொள்வர். அது ஒரு சிறு காகிதச் சீட்டு. தோட்டத்தை விட்டுப் போக விரும்பும் தொழிலாளர் கூட்டத்தின் பேரில் இவ்வளவு கடன் நிற்கிறது, அதைச் செலுத்துவோரிடம் இவர்களை விட்டுவிடச் சம்மதம் என்று துரை எழுதிக் கொடுப்பது. 1921ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை, தொழிலாளர் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்கான வாசலாக இச்சீட்டே இருந்தது. புலம்பெயர்ந்து உழைப்போரின் கூலி எவ்வாறு தீர்மானமாகிறது என்று ஆராய்வோருக்கு இந்தக் காகிதம் கற்றுத்தருவது மிகுதி.

இக்கேள்வியை ஆழமாக எழுப்பியவர் ஆர்தர் லூயிஸ். கரிபியத் தீவான செயின்ட் லூசியாவில் 1915இல் பிறந்து, 1979இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி முதல் உலகப்போர் வரை ஐரோப்பாவிலிருந்து ஏறத்தாழ ஐந்து கோடிப் பேரும், இந்தியாவிலிருந்தும் சீனத்திலிருந்தும் அதேயளவு மக்களும் வெளியேறினர் என்பது அவர் கணிப்பு. 1880களில் ஆஸ்திரேலியாவில் சாதாரணக் கட்டட வேலைக்காரருக்கு நாளொன்றுக்கு ஒன்பது ஷில்லிங் கூலி. வெப்பமண்டலத் தோட்டத் தொழிலாளிக்கோ ஒரு ஷில்லிங். உழைப்பின் கடுமையில் இருந்த வேறுபாடன்று இது. அவரவர் விட்டுவந்த வயல் என்ன விளைத்ததோ அதுவே கூலியின் அடித்தளம் என்றார் லூயிஸ். ஐரோப்பிய உழவனைத் தன் நிலத்திலிருந்து பெயர்க்க அதிகம் தரவேண்டியிருந்தது. வறண்ட கண்மாயை நம்பி வாழ்ந்தவரைச் சொற்பக் கூலிக்கே பெயர்க்க முடிந்தது. ஆசியர்களை உள்ளே விடாத ஆஸ்திரேலியாவின் 1901ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் போன்றவை இவ்விரு சந்தைகளும் கலவாதபடி வேலியிட்டன.

இவ்விளக்கம் நமக்குப் பெரிதும் ஏற்புடையதே. 1876 முதல் 1878 வரை நீடித்த தாதுவருடப் பஞ்சத்தை அறிந்தோர் இதை மறுக்கமாட்டார்கள். எனினும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. மலையகத் தோட்டங்களில் ஆட்பஞ்சம் அடிக்கடி வந்தது. துரைமார் ஒருவர் கூட்டத்தை மற்றொருவர் இழுத்துக்கொள்வதாகப் பூசலிட்டனர். ஆளுக்குப் போட்டியிருந்தால் கூலி ஏறவேண்டும் அல்லவா? அது ஏன் ஏறாமல் கிடந்தது?

விடை கங்காணியின் கணக்கில் இருக்கிறது. தோட்டத்திடம் முன்பணம் பெற்றுக்கொண்டு கங்காணி தன் ஊருக்குப் போவார். வருவோரின் பழைய கடனைத் தீர்ப்பதும், வழிச்செலவும், சோறும், துணியும் எல்லாம் வருவோரின் பேரிலேயே பற்று எழுதப்படும். மலையேறி முதல் பிரட்டில் நிற்கும்போதே தொழிலாளி கடனாளி. கூலியும் பலவேளைகளில் கங்காணியின் கைவழியே வந்தது. அவருடைய ஆட்கள் வேலைக்கு வரும் நாளுக்கு இவ்வளவென்று தலைக்காசும் அவருக்குண்டு. வேலையை விட்டு ஓடினால் 1865ஆம் ஆண்டின் சட்டப்படி சிறை.

இந்நிலையில் துண்டு எவ்வாறு இயங்கியது என்று பார்ப்போம். ஒரு கூட்டத்தின் கடன் ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். புதிய துரை அதைக் கட்டி அவர்களை எடுத்துக்கொள்வார். கங்காணியைத் தம் பக்கம் இழுப்பதற்காக மேலும் இருநூறு ரூபாய் முன்பணம் தருவார். அடுத்த துண்டில் கடன் ஆயிரத்து இருநூறு. அந்த இருநூறில் பெரும்பங்கு கங்காணியின் மடிக்குப் போயிருக்கும். கடன் மட்டும் கூட்டத்தின் தலையில் நிற்கும். ஆளுக்கான போட்டி கூலியை உயர்த்தாமல் கடனை உயர்த்தியது. உழைப்புக்கு உண்டான கிராக்கியின் பயன் உழைத்தவருக்குச் சேராமல் இடைநின்றவருக்குச் சேர்ந்தது. ஊரின் வறுமை கூலியின் தரையைத் தீர்மானித்ததென்றால், அது தரையிலிருந்து எழாதபடி பார்த்துக்கொண்டது இந்தக் கடன்.

துரைமாருக்கும் இது உவப்பாயில்லை. அவர்கள் முதலீடு முன்பணமாக முடங்கியது. 1904இல் அவர்கள் திருச்சிராப்பள்ளியில் ஆள்சேர்ப்புக்கென ஓர் ஆணையத்தை நிறுவியதற்கு இதுவும் ஒரு காரணம். மலாயாவிலோ 1907இலேயே வேறொரு வழி காணப்பட்டது. தமிழ்த் தொழிலாளரை வைத்திருக்கும் முதலாளிகள் அனைவரிடமும் வரி திரட்டிக் குடியேற்ற நிதி ஒன்று அமைக்கப்பட்டது. கப்பல் செலவை அந்நிதியே ஏற்றது. அங்கும் கங்காணி இருந்தார், குறைந்த கூலியும் இருந்தது. ஆயினும் பயணச் செலவைத் தொழிலாளியின் கணக்கில் எழுதாமலே தோட்டம் நடத்தமுடியும் என்பது அதனால் மெய்ப்பட்டது. இந்தியாவின் 1922ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டத்தை அடுத்து இலங்கையும் இதையொத்த நிதியை ஏற்படுத்திக்கொண்டது.

துண்டு ஒழிந்தபின் சில ஆண்டுகளிலேயே பேச்சு கடனிலிருந்து கூலிக்குத் திரும்பியதைக் கவனிக்கவேண்டும். குறைந்தபட்சக் கூலிக்கு 1927இல் சட்டம் வந்தது. கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கான சங்கத்தை 1931இல் அமைத்தார். 1930களின் பெருமந்தத்தில் கூலி வெட்டப்பட்டதும், பெண்களுக்குச் சமக்கூலி கிடைக்க 1984 வரை காத்திருக்க நேர்ந்ததும் உண்மையே. ஆனால் கூலி இவ்வளவு என்று வெளிப்படையாகத் தெரிந்தபிறகே அதற்காக வாதாட முடிந்தது.

தொழிலின் எதிர்காலம் பற்றிய இன்றைய ஆய்வுகள் எந்திரங்களைப் பற்றியே மிகுதியாகப் பேசுகின்றன. பயணச் செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது என்ற பழைய கேள்வி இன்னும் தீரவில்லை. வேலைதேடும் தொழிலாளியிடம் தனியார் முகவர்கள் பொதுவாகக் கட்டணம் வாங்கலாகாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1997இல் ஓர் உடன்படிக்கை செய்தது. வளைகுடாவுக்குப் போவோர் நகையை அடகுவைத்து முகவருக்குப் பணம் கட்டுவதும், செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போவோர் முன்பணத்தில் சிக்குவதும் நாம் அறிந்தவையே. வெளிநாட்டு வேலைக்குப் போக ஒருவர் செலவிடும் தொகை அவருடைய எத்தனை மாதச் சம்பளத்துக்குச் சமம் என்பதை ஐக்கிய நாடுகள் அவை தன் வளர்ச்சி இலக்குகளுக்கான அளவுகோல்களுள் ஒன்றாக வைத்திருக்கிறது. நம் முன்னோருக்கு அந்தக் கணக்கை யாரும் போட்டுக் காட்டவில்லை. அதைப் போட்டுப் பார்க்காமல் ஒரு நாட்டில் கூலி உயர்ந்திருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.