கோழியின் சுண்ணாம்புக் கணக்கு

புனே நகரின் கிழக்குப் புறத்தில், ஹடப்சரை ஒட்டி, மகர்பட்டா என்னும் குடியிருப்பு இருக்கிறது. முன்பு அது பயிர் நிலம். நிலத்துக்குரிய குடும்பங்கள் அதைக் கூறுபோட்டு விற்றுவிடாமல், ஏறக்குறைய நானூறு ஏக்கரையும் ஒன்றுசேர்த்துத் தாமே நகரமாக்கிக்கொண்டன. அலுவல் காரணமாக அங்குக் குடிவந்த நாள்முதல், விடியற்காலையில் சோலாப்பூர்ச் சாலைப் பக்கம் உலாவப் போவது நம் வழக்கம். முட்டைத் தட்டுகளை ஆளுயரம் அடுக்கிய வண்டிகளை அவ்வேளையில் அங்குக் காணலாம். அதே சாலையில் கிழக்கே சென்றால் உருளி காஞ்சன் வரும். இந்தியாவில் கோழி வளர்ப்பைப் பெருந்தொழிலாக்கியவருள் முதன்மையான டாக்டர் பி. வி. ராவ் அவர்களின் பெயர் தாங்கிய கல்வி நிலையம் அங்கே இருக்கிறது. ஆகவே கோழியைப் பற்றிச் சிந்திப்பதற்கு மகர்பட்டா பொருந்தாத இடமன்று.

ஒருநாள் அவ்வண்டிகளுள் ஒன்றிலிருந்து தட்டொன்று சரிந்து விழுந்தது. சாலையெங்கும் ஓடு. இத்துணைச் சுண்ணாம்பைக் கோழி எங்கிருந்துதான் பெறுகிறது என்னும் வினா அன்று நம் உள்ளத்தில் எழுந்தது. வினா நமக்குப் புதிது, உலகிற்குப் புதிதன்று. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

முதலில் அளவைப் பார்ப்போம். ஒரு முட்டையின் ஓடு ஐந்து அல்லது ஆறு கிராம் எடையுள்ளது. அதில் கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய 2 கிராம். கோழியின் எலும்புகள் அனைத்திலும் சேர்த்து இருப்பதோ 20 கிராம் அளவே. எனவே ஆண்டுக்கு முந்நூறு முட்டை இடும் பண்ணைக் கோழி, தன் எலும்புக்கூட்டில் உள்ளதைப்போல் முப்பது மடங்கு கால்சியத்தை ஓராண்டில் ஓட்டின் வழியே வெளியேற்றிவிடுகிறது.

குரோமியம் என்னும் உலோகத்தைக் கண்டறிந்த பிரெஞ்சு இரசாயன அறிஞர் வோக்லான் 1799-இல் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தார். கோழியொன்றுக்கு ஓட்ஸ் தானியம் மட்டுமே தீனியாகக் கொடுத்தார். தானியத்தில் இருந்த சுண்ணாம்பை அளந்தார். பின்பு எச்சத்திலும் முட்டை ஓட்டிலும் இருந்ததை அளந்தார். வரவைவிடச் செலவு மிகுந்திருந்தது! கோழியின் உடலில் சுண்ணாம்பு புதிதாக உண்டாகிறது போலும் என்று அவர் கருதினார். அளவையில் பிழை இல்லை, முடிவில்தான் பிழை. நம் கணக்கு அலுவலகங்களில் உள்ள இளநிலை எழுத்தர்கூட, ‘தொடக்க இருப்பு எவ்வளவு?’ என்று கேட்டிருப்பார். கோழியின் தொடக்க இருப்பு அதன் எலும்பில் இருந்தது.

அவ்விருப்பு எங்கே, எவ்வடிவில் இருக்கிறது என்பது தெளிவாக மேலும் 135 ஆண்டுகள் சென்றன. 1926-இல் அமெரிக்காவில் ஆஸ்கர் ரிடில், ரைன்ஹார்ட் என்போர் புறாக்களின் குருதியைச் சோதித்தனர். முட்டையிடும் பருவம் நெருங்கியதும் பெண்புறாவின் குருதியில் கால்சியம் ஏறக்குறைய இரு மடங்காகப் பெருகுவதைக் கண்டனர். 1934-இல் சிகாகோவில் கைஸ், பாட்டர் என்னும் இருவர் புறாவின் எலும்புகளையே பிளந்து நோக்கினர். முட்டையிடும் பருவத்துப் பெண்புறாவின் எலும்பினுள், மச்சை இருக்க வேண்டிய குழியில், நுண்ணிய எலும்புச் சிலாம்புகள் நெருங்கி வளர்ந்திருந்தன. ஆண்புறாவில் அவை இல்லை.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளன் பட்ட இடரை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுகிறோம். முன்பொரு சமயம் கோழி வளர்ப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்க நேர்ந்தபோது, இவ்வெலும்பை ‘உள்ளெலும்பு’ என்று எழுதிப் பிழை செய்தோம். எலும்பெல்லாம் உள்ளேதானே இருக்கிறது! ‘மச்சை எலும்பு’ என்பதே தகும் என்று பின்னர்த் திருத்திக்கொண்டோம்.

மச்சை எலும்பு உடலைத் தாங்குவதற்கு அன்று, அது பண்டகசாலை. அதைக் கட்டச் சொல்லி ஆணையிடுவது சூற்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன். ஆண் ஹார்மோனும் சிறிது உடனிருந்து துணைபுரிகிறது. முதல் முட்டைக்கு இரண்டு வாரம் முன்பே பெட்டையின் எலும்பினுள் இவ்வேலை தொடங்கிவிடுகிறது. ஆண் பறவைக்கு ஈஸ்ட்ரோஜனை ஊசி வழியே செலுத்தினால், அதன் எலும்பினுள்ளும் இப்பண்டகசாலை எழுகிறது. முட்டையிடாத சேவலுக்கு அதனால் பயன் ஏதுமில்லை. எனினும் ஆணை வந்தால் உடல் கீழ்ப்படிகிறது.

பண்டகசாலை ஏன் வேண்டும்? காரணம் இரவு. முட்டை, ஓடு உருவாகும் பையில் ஏறக்குறைய 20 மணி நேரம் தங்குகிறது. அதில் பெரும்பகுதி இருள் நேரம். கோழியோ பகலில் மட்டுமே தின்னும். ஓட்டுக்கு மணிக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் வேண்டும். குருதியில் ஓடிக்கொண்டிருப்பது அதில் ஒரு பகுதிதான். எனவே குருதியில் கால்சியம் தாழ்ந்தவுடன் கழுத்திலுள்ள பாராதைராய்டு என்னும் சிறு சுரப்பிகள் தம் ஹார்மோனை வெளியிடுகின்றன. மச்சை எலும்பு கரைகிறது. பொழுது விடிந்து தீனி கிடைத்ததும் மீண்டும் கட்டப்படுகிறது. பாராதைராய்டுச் சாற்றைச் செயல் திறனோடு பிரித்தெடுத்துக் குருதியின் கால்சியத்தை அது உயர்த்துவதை 1925-இல் காட்டியவர் கனடா நாட்டுக் காலிப். இன்சுலினைத் தூய்மை செய்தவரும் அவரே. எலும்பு கரையும்போது கால்சியத்தோடு பாஸ்பரசும் வெளிப்படுகிறது. ஓட்டுக்கு அது தேவைப்படாமையால் எச்சத்தோடு வீணாகிறது. தீனியில் பாஸ்பரசும் குறையக் கூடாது என்று பண்ணையாளருக்குச் சொல்வது இதனால்தான்.

மற்றொரு ஹார்மோனின் கதை வெயிலில் தொடங்குகிறது. 1920-களின் தொடக்கத்தில் விஸ்கான்சினில், வீட்டினுள் வளர்த்த குஞ்சுகள் கால் வலுவிழந்து விழுந்தன. ஹார்ட், ஸ்டீன்பாக், ஹால்பின் முதலியோர் வெயில் ஒளியோ மீனெண்ணெயோ அக்குறையைப் போக்குவதைக் காட்டினர். குறைந்திருந்தது வைட்டமின் டி. அதைத் தீனியில் கலக்கலாம் என்று ஆனபின்னரே கோழியை ஆண்டு முழுவதும் கூரையின்கீழ் அடைத்து வளர்ப்பது இயன்றது. இன்றைய பண்ணைகளுக்கெல்லாம் அடிக்கல் அங்கேதான் நாட்டப்பட்டது எனலாம். 1970-இல் கேம்பிரிட்ஜில் பிரேசர், கோடிசெக் என்போர், வைட்டமின் டி தானாகவே வேலை செய்வதில்லை என்றும், சிறுநீரகம் அதனை வேறொரு பொருளாக மாற்றுகிறது என்றும் கண்டனர். சோதனைக்கு உதவியது கோழிக்குஞ்சின் சிறுநீரகம். மறு ஆண்டில் அப்பொருளின் அமைப்பு விளங்கிற்று. குடல் கால்சியத்தை ஏற்கும் அளவைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் அது. இன்று சிறுநீரகம் கெட்ட மனிதருக்கு எலும்பு கெடாதிருக்க மருத்துவர் அதையே மருந்தாகக் கொடுக்கின்றனர். நோயாளிக்கும் மருந்துக்கும் இடையே நின்ற கோழிக்குஞ்சை நினைப்பார் சிலரே.

இனி இவ்வரலாற்றின் கசப்பான பகுதி. கூண்டுகளில் கோழி வளர்ப்பது பரவிய காலத்தில், நன்கு முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழிகள் திடீரென்று நிற்க மாட்டாமல் படுத்துவிட்டன. 1955-இல் டெக்சாஸ் அறிஞர் கௌச் இதைக் ‘கூண்டுக் கோழியின் களைப்பு’ என்னும் பெயரால் விவரித்தார். அவற்றின் எலும்பு மெலிந்து நொறுங்கும் நிலையில் இருந்தது. கூண்டைவிட்டுத் தரையில் விட்டால் பல தேறின.

காரணம் பின்னர் விளங்கிற்று. ஈஸ்ட்ரோஜனின் ஆணை நீடிக்கும் வரையில், எலும்பு கட்டும் உயிரணுக்கள் மச்சை எலும்பையே கட்டுகின்றன. உடல் தாங்கும் எலும்பைக் கட்டுவதில்லை. தாங்கும் எலும்போ நாள்தோறும் சிறிது சிறிதாகக் கரைகிறது. முட்டையிடுவது நின்றால்தான் அதற்கு மீட்சி.

நம் ஊர்ப் புறங்களில் திரியும் நாட்டுக்கோழிக்கு இந்த மீட்சி இயல்பாகவே கிடைக்கிறது. பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அது அடைக்கு உட்காருகிறது. அப்போது புரொலாக்டின் என்னும் ஹார்மோன் உயர்கிறது, ஈஸ்ட்ரோஜன் தாழ்கிறது. புரொலாக்டினுக்குப் பெயர் சூட்டியவரும், அது கோழியை அடைகாக்கத் தூண்டுவதைக் காட்டியவரும் முன்னே சொன்ன ரிடில்தான். அடைகாக்கும் கோழி சோம்பியிருப்பதாக எண்ணுகிறோம். அது தன் எலும்பைச் செப்பனிட்டுக்கொள்கிறது. முட்டையினக் கோழிகளிலிருந்து அடைகாக்கும் இயல்பைத் தலைமுறை தலைமுறையாகக் களைந்துவிட்டோம். அதனோடு அந்த ஓய்வும் போயிற்று.

நம் நாட்டில் 1950–51-இல் உற்பத்தியான முட்டைகள் ஏறக்குறைய 183 கோடி. 2023–24-இல் 14,277 கோடி. ராவ் அவர்கள் 1971-இல் தொடங்கிய வெங்கடேசுவரா நிறுவனமும், நாமக்கல் வட்டாரப் பண்ணையாளரும், ஆந்திரத்துப் பண்ணையாளரும் இவ்வளர்ச்சிக்குத் தோள் கொடுத்தனர். மலிவான புரதம் ஏழைக் குழந்தையின் தட்டுக்கு வந்ததை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆயினும் இதில் ஒரு பங்கு கோழியின் எலும்பிலிருந்து எடுக்கப்பட்டது என்பதும் மெய்யே. முட்டைக் கோழிகளை வைத்திருக்கும் முறை குறித்து இந்தியச் சட்ட ஆணையம் 2017-இல் தனி அறிக்கை ஒன்றை வெளியிட்டது. எலும்பு வலுவுக்கு நடமாட்டம் வேண்டும். கூண்டில் அதற்கு இடம் இல்லை.

இந்த ஆராய்ச்சி பண்ணையாளர் கையில் எவ்வாறு பயனாகிறது? வளரும் பெட்டைக்குத் தீனியில் நூற்றுக்கு ஒரு பங்கு கால்சியம் போதும். முட்டையிடும் கோழிக்கு மூன்றரை முதல் நான்கு பங்கு வரை வேண்டும். மிக முன்னதாகக் கூட்டினால் சிறுநீரகம் கெடும்; காலம் தாழ்த்தினால் பண்டகசாலை நிரம்புவதில்லை. மாவாக அரைத்த சுண்ணாம்பைக் காட்டிலும் பருக்கையாக உடைத்த கிளிஞ்சல் நல்லது. அது அரைப்பையில் தங்கி, இரவு முழுவதும் மெல்லக் கரைந்து எலும்பின் சுமையைக் குறைக்கிறது.

கொடுக்க வேண்டிய வேளை பிற்பகல். ஓடு உருவாகவிருக்கும் நாளில், மாலை நெருங்க நெருங்கக் கோழி சுண்ணாம்பை நாடும் என்று ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். பொழுது சாயும் வேளையில் வெள்ளையடித்த சுவரைக் கொத்திக்கொண்டு நின்ற கோழிகளை நம் பாட்டியார் துடைப்பத்தால் விரட்டியது நினைவுக்கு வருகிறது.