மூச்சா, நாடியா? ஐதராபாத்தில் எழுந்த ஒரு மருத்துவ வினா



பிள்ளைக்கு அறுவைச் சிகிச்சை என்றதும் பெற்றோர் பலர் கத்தியைவிட மயக்க மருந்துக்கே மிகுதியும் அஞ்சுகின்றனர். “கண் விழிப்பானா?” என்பதே அவர்களின் முதல் கேள்வி. இவ்வச்சம் புதியதன்று. அதற்கு விடை தேடிய வரலாற்றில் இந்திய மண்ணுக்கும் ஓர் இடமுண்டு.

1846 அக்டோபர் 16-ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் என்னும் பல் மருத்துவர் ஈதர் ஆவியால் ஒரு நோயாளியை மயக்கி, அறுவைச் சிகிச்சைக்கு உதவினார். மறு ஆண்டே எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் குளோரோபார்மைப் பயன்படுத்தினார். நோயாளியைப் பலர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவர் அலற அலற அறுத்த காலம் மறையத் தொடங்கியது.

ஆயினும் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1848 ஜனவரியில் இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுச் சிறுமிக்குக் கால்விரல் நகத்தை அகற்றக் குளோரோபார்ம் கொடுத்தனர். சில நிமிடங்களில் அவள் உயிர் பிரிந்தது. பின்னரும் இத்தகைய மரணங்கள் நிகழ்ந்தன. காரணம் என்ன? இதயம் திடீரென நிற்பதே காரணம், ஆதலின் நாடியைக் கவனிக்க வேண்டும் என்றனர் லண்டன் மருத்துவர் பலர். முதலில் நிற்பது மூச்சே, ஆதலின் மூச்சைக் கவனித்தால் போதும் என்றனர் எடின்பரோ மரபினர்.

எடின்பரோவில் பயின்ற எட்வர்ட் லாரி, ஐதராபாத் மருத்துவப் பள்ளியின் தலைவராக இருந்தார். அவருடைய முயற்சியால் 1888-இல் முதல் ஐதராபாத் குளோரோபார்ம் ஆய்வுக்குழு அமைந்தது. 141 நாய்களிடம் சோதித்த அக்குழு, மூச்சே முதலில் நிற்கிறது என முடிவு கூறியது. லண்டனின் ‘லான்செட்’ இதழ் அதனை ஏற்கத் தயங்கியது. உடனே ஐதராபாத் நிஜாம் மீர் மஹபூப் அலி கான் 1,000 பவுண்டு வழங்கி, அவ்விதழே ஒரு வல்லுநரை அனுப்புமாறு வேண்டினார். மாற்றுக் கருத்துடைய லாடர் பிரண்டன் 1889-இல் வந்தார். நானூறுக்கும் மேற்பட்ட விலங்குகளிடம் சோதனைகள் நடந்தன. இறுதியில் அவரும் லாரியின் பக்கம் சாய்ந்தார்.

அதே மருத்துவப் பள்ளியில் பயின்றவர் ரூபா பாய் பர்தூன்ஜி. ஐதராபாத் மருத்துவமனைகளில் குளோரோபார்ம் கொடுக்கும் பணியாற்றிய அவர், உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர் எனப் போற்றப்படுகிறார். பெண் கல்வி அரிதாயிருந்த காலத்தில் இஃது எத்துணைப் பெரிய செயல்!

வினா அத்துடன் முடியவில்லை. 1911-இல் குட்மன் லெவி பூனைகளிடம் செய்த ஆய்வில் வேறோர் உண்மை வெளிப்பட்டது. மயக்கம் ஆழமாக இல்லாத வேளையில், உடலில் அட்ரினலின் மிகுந்தால் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடக்கூடும். மருந்து மிகுந்தால் மூச்சு நிற்கும். மயக்கம் குறைந்த நிலையில் இதயமும் நிற்கலாம். இரு தரப்பினர் கூற்றிலும் உண்மை இருந்தது. இரு தரப்பினரும் பாதியையே முழுமை என வாதிட்டனர்.

இன்று குளோரோபார்ம் வழக்கொழிந்துவிட்டது. ஜொகூர் பாருவில் அறுவைக் கூடத்துக்குள் செல்லும் நம் பிள்ளையின் விரலில் ஒரு சிறு கருவியை மாட்டுகின்றனர். ஜப்பானியர் தக்குவோ அயோயாகி 1974-இல் வெளியிட்ட கருத்திலிருந்து வளர்ந்த அக்கருவி, நாடியையும் குருதியில் உள்ள உயிர்வளியையும் ஒருங்கே காட்டுகிறது. அருகில் மயக்க மருத்துவர் இறுதிவரை விழித்திருந்து கவனிக்கிறார்.

பெற்றோர்க்கும் ஒரு கடமை உண்டு. சிகிச்சைக்கு முன் உண்ணக்கூடாது என மருத்துவர் கூறிய நேரத்தில், பிள்ளை அழுகிறதே என்று இரங்கிப் பால் கொடுத்துவிட்டு மறைத்தல் கூடாது. மயக்கத்தில் வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் சென்றால் உயிருக்கே ஆபத்து. ஆடும் பல், ஒவ்வாமை, சளி, காய்ச்சல் யாவற்றையும் தயங்காது கூறுங்கள்.

ஆசிரியர்களே, அறிவியல் பாடத்தில் இவ்வரலாற்றையும் மாணவர்க்குச் சொல்லுங்கள். சோதனை சரியாக இருந்தும் முடிவு முழுமையாகாது போகலாம் என்பதை அவர்கள் உணரட்டும்.