ரிங்கு சிங் (அடிபந்தாட்ட வீரர்)

இக்கட்டுரை அடிபந்தாட்ட எறிவாளரைப் பற்றியது. 1997 இல் அலிகாரில் பிறந்த, இதே பெயருடைய துடுப்பாட்ட வீரர் வேறொருவர்.

ரிங்கு சிங் (பிறப்பு: ஆகஸ்ட் 8, 1988) இந்தியாவைச் சேர்ந்த முன்னாள் அடிபந்தாட்ட (பேஸ்பால்) வீரரும் தொழில்முறை மற்போர் வீரரும் ஆவார். இடக்கை எறிவாளரான இவர், 2008 நவம்பரில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். உடன் ஒப்பந்தமான தினேஷ் பட்டேலும் இவருமே அமெரிக்கத் தொழில்முறை அடிபந்தாட்டத்தில் நுழைந்த முதல் இந்தியர்கள் என அறியப்படுகின்றனர். இவரது கதையை 2014 இல் வெளிவந்த மில்லியன் டாலர் ஆர்ம் திரைப்படத்தின் வழியாகவே பலரும் அறிவர். அப்படம் ஒப்பந்தம் கிடைத்ததோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் மைனர் லீக் அணிகளில் மாற்று எறிவாளராக இவர் கழித்த ஆண்டுகள் அதிகம் பேசப்படவில்லை.

இளமை

ரிங்கு சிங் உத்தரப் பிரதேசத்தில், கம்பள நெசவுக்குப் பெயர்பெற்ற பதோகி பகுதியில் உள்ள ஒரு சிற்றூரில் பிறந்தார். அப்போது இப்பகுதி வாரணாசி மாவட்டத்தில் இருந்தது; 1994 இல்தான் பதோகி தனி மாவட்டம் ஆனது. தந்தை சரக்குந்து ஓட்டுநர். உடன்பிறந்தோருடன் சேர்த்து ஒன்பது பிள்ளைகள் கொண்ட அக்குடும்பம் ஓரறை வீட்டில் வாழ்ந்தது. பள்ளிப் பருவத்தில் ஈட்டி எறிதலில் தேர்ச்சி பெற்று, இளையோர் தேசிய அளவில் பதக்கம் வென்றார். பின்னர் லக்னோவில் உள்ள குரு கோவிந்த் சிங் விளையாட்டுக் கல்லூரியில் பயின்றார். அந்நாள்வரை அடிபந்தாட்டம் பற்றி இவருக்கு எதுவும் தெரியாது.

மில்லியன் டாலர் ஆர்ம் போட்டி

அமெரிக்க விளையாட்டு முகவரான ஜே. பி. பெர்ன்ஸ்டைன், நூறு கோடி மக்கள் வாழும் நாட்டில் வேகமாகப் பந்து எறியக்கூடிய ஒருவராவது இருப்பார் என்ற எண்ணத்தில், இந்தியாவில் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றை நடத்தினார். பந்தை வேகமாகவும் குறி தவறாமலும் எறிய வேண்டும் என்பதே போட்டி. 37,000 பேருக்கு மேல் கலந்துகொண்டனர். 2008 இல் நடந்த இறுதிச் சுற்றில் மணிக்கு 87 மைல் (சுமார் 140 கி.மீ.) வேகத்தில் எறிந்த ரிங்கு சிங் முதலிடம் பெற்று 1,00,000 டாலர் பரிசு வென்றார். அடுத்த இடத்தைப் பெற்ற தினேஷ் பட்டேலும் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்தவர். அவரும் ஈட்டி எறிபவர்.

இந்தியாவில் பந்துவீச்சாளர்களுக்குப் பஞ்சமில்லை. அப்படியிருந்தும் ஈட்டி எறிபவர்கள் வென்றது தற்செயல் அன்று. துடுப்பாட்டத்தில் பந்து வீசும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நீளக்கூடாது. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் போன்ற சென்னையின் தென்புறநகர்த் தெருக்களில் இவ்விதியை எவரும் அளந்து பார்ப்பதில்லை. ஆயினும் கையை மடக்கி எறிபவனை 'மாங்கா அடிக்கிறான்' என்று சொல்லி, வீசிய பந்தைச் செல்லாததாக்கிவிடுவர். மாங்காய்க்குக் கல் எறிவது போன்ற அந்த அசைவே அடிபந்தாட்டத்தில் அடிப்படைத் திறன். முழங்கையை மடக்கி, தோளைச் சுழற்றி, இடுப்பின் விசையைக் கைக்குக் கொண்டுவரும் முறை ஈட்டி எறிபவருக்குப் பழக்கமானது. பந்துவீச்சாளரோ பல ஆண்டுகளாகத் தவிர்க்கப் பழகியதைப் புதிதாகக் கற்க வேண்டும். மேலும் துடுப்பாட்ட வீச்சாளருக்கு நீண்ட ஓட்டம் உண்டு. எறிவாளருக்கு அது கிடையாது. மேட்டில் நின்றபடியே முழு வேகத்தையும் உண்டாக்க வேண்டும்.

2008 மே மாதம் இருவரும் அமெரிக்கா சென்றனர். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில், முன்னாள் மாற்று எறிவாளரும் பயிற்றுநருமான டாம் ஹவுசிடம் பயிற்சி பெற்றனர். ஆட்டத்தின் விதிகளையும் ஆங்கில மொழியையும் ஒருங்கே கற்றனர். அவ்வாண்டு நவம்பரில் அரிசோனா மாநிலத்தின் டெம்பே நகரில் மேஜர் லீக் அணிகளின் தேர்வாளர்கள் முன்னிலையில் எறிந்து காட்டினர். நவம்பர் 24, 2008 அன்று பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது.

மாற்று எறிவாளர் பணி

அடிபந்தாட்டத்தில் ஓர் ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ் கொண்டது. ஆட்டத்தைத் தொடங்கும் எறிவாளர் பொதுவாக ஐந்து அல்லது ஆறு இன்னிங்ஸ் வரை எறிவார்; நூறு பந்துகளை நெருங்கும்போது அவரை வெளியே எடுத்து, நான்கைந்து நாட்கள் ஓய்வு தருவர். அவருக்குப் பின் வருபவர்களே மாற்று எறிவாளர்கள் (ரிலீஃப் பிட்சர்). இவர்கள் திடலின் ஓரத்தில் 'புல்பென்' எனப்படும் அடைப்பில் காத்திருப்பர். எப்போது அழைப்பு வரும் என்று தெரியாது. வந்தால் சில நிமிடங்களில் கையைச் சூடேற்றிக்கொண்டு, பெரும்பாலும் எதிரணியினர் தளங்களில் நிற்கும் நெருக்கடியான வேளையில் களமிறங்க வேண்டும். ஒருநாள் பதினைந்து பந்து எறிந்தவர் மறுநாளும் அழைக்கப்படலாம். இருபது ஓவர் ஆட்டத்தின் கடைசி ஓவர்களுக்கென்றே வைத்துக்கொள்ளப்படும் யார்க்கர் வீச்சாளரை இவர்களோடு ஒருவாறு ஒப்பிடலாம். ஒரு வேறுபாடு உண்டு: ஒருமுறை வெளியேறிய எறிவாளர் அந்த ஆட்டத்தில் மீண்டும் வர முடியாது.

இவர்களுக்குள்ளும் படிநிலை உண்டு. தொடக்க எறிவாளர் விரைவில் தடுமாறினால் பல இன்னிங்ஸ் தாங்குபவர், நடுப்பகுதியில் வருபவர், எட்டாவது இன்னிங்ஸுக்கு உரியவர், இறுதியில் ஆட்டத்தை முடிப்பவர் (குளோசர்) எனப் பிரிப்பர். முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிப்பவருக்கு வழங்கப்படும் 'சேவ்' என்னும் கணக்கு 1969 இல்தான் அதிகாரப்பூர்வமானது. பெரும்பாலான மாற்று எறிவாளர்கள் தொடக்க எறிவாளராகும் ஆசையுடன் வந்து, அதற்குத் தேவையான பலவகைப் பந்துகளோ நீடித்த வலுவோ போதாமல் இப்பணிக்கு மாற்றப்பட்டவர்கள். இத்துறையின் தலைசிறந்தவராகக் கருதப்படும் பனாமா நாட்டின் மரியானோ ரிவேராவும் 1995 இல் தொடக்க எறிவாளராகவே மேஜர் லீக்கில் அறிமுகமானார். 652 சேவ்களுடன் ஓய்வுபெற்ற அவர், 2019 இல் ஒரு வாக்கும் குறையாமல் புகழ் மன்றத்திற்குத் தேர்வானார்.

ஆட்டத்தைத் தாமதமாகக் கற்ற ரிங்கு சிங்குக்கு இப்பணி பொருத்தமாக இருந்தது. இடக்கைக்காரர் என்பது கூடுதல் வலு. இடக்கை மட்டையாளர்களுக்கு இடக்கை எறிவாளரின் பந்தை அடிப்பது கடினம் என்பதால், ஒரே ஒரு மட்டையாளருக்காக இடக்கை மாற்று எறிவாளரை இறக்கும் வழக்கம் அக்காலத்தில் பரவலாக இருந்தது. 2020 இல் மேஜர் லீக் இதற்குக் கட்டுப்பாடு விதித்தது. இறங்கும் எறிவாளர் குறைந்தது மூன்று மட்டையாளர்களுக்கேனும் எறிய வேண்டும், அல்லது அந்த அரை இன்னிங்ஸை முடிக்க வேண்டும் என்பது விதி.

மைனர் லீக் ஆண்டுகள்

மேஜர் லீக் அணி ஒவ்வொன்றின் கீழும் பல படிகளில் மைனர் லீக் அணிகள் உண்டு. அக்காலத்தில் புதுமுக லீக், குறும்பருவ ஏ, கீழ்நிலை ஏ, மேல்நிலை ஏ, இரட்டை ஏ, மும்மை ஏ என்று அப்படிகள் அமைந்திருந்தன. கீழ்ப் படிகளில் ஊதியம் மிகக் குறைவு. பருவம் நடக்கும் மாதங்களுக்கு மட்டும், மாதம் ஆயிரம் டாலரை ஒட்டியே கிடைக்கும். ஒப்பந்தமாகும் வீரர்களில் மிகச் சிலரே உச்சியை அடைவர். (மைனர் லீக் வீரர்களுக்கான முதல் கூட்டு ஒப்பந்தம் 2023 இல்தான் ஏற்பட்டது. ரிங்கு சிங் அதனால் பயன்பெறவில்லை.)

ரிங்கு சிங் புளோரிடாவின் பிராடென்டன் நகரை மையமாகக் கொண்ட கல்ப் கோஸ்ட் லீக் அணியில் 2009 ஜூலையில் அறிமுகமானார். ஜூலை 13 அன்று, அமெரிக்கத் தொழில்முறை ஆட்டமொன்றில் வெற்றி பெற்ற எறிவாளராகக் கணக்கில் சேர்ந்த முதல் இந்தியக் குடிமகன் ஆனார். அப்பருவத்தில் 11 ஆட்டங்களில் 1 வெற்றி, 2 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி 5.84. இது நல்ல எண் அன்று. எனினும் இரண்டாண்டுகளுக்கு முன்பு அடிபந்தாட்டப் பந்தையே தொட்டறியாதவர் என்பதைக் கருத வேண்டும்.

தினேஷ் பட்டேலை 2010 இல் அணி விடுவித்தது. அவர் நாடு திரும்பினார். அதன்பின் ரிங்கு சிங் தனியாகவே தொடர்ந்தார். 2011 இல் மட்டும் டொமினிக்கன் கோடை லீக், நியூயார்க்–பென் லீக், தெற்கு அட்லாண்டிக் லீக் என மூன்று லீக்குகளில் எறிந்தார். அவ்வாண்டுக் குளிர்காலத்தில் ஆத்திரேலிய லீக்கில் கான்பரா கேவல்ரி அணிக்கு ஆடினார். ஆண்டு முழுதும் ஓய்வின்றி எறிந்த இக்காலமே இவரது வளர்ச்சிக்கு உதவியது எனலாம்.

2012 பருவம் இவரது சிறந்த பருவம். கீழ்நிலை ஏ பிரிவின் வெஸ்ட் வர்ஜீனியா பவர் அணிக்காக 39 ஆட்டங்களில் 72 இன்னிங்ஸ் எறிந்து, 65 மட்டையாளர்களை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். 3 வெற்றி, 1 தோல்வி. ஓட்டச் சராசரி 3.00. ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ இரண்டு இன்னிங்ஸ் என்னும் கணக்கைப் பார்த்தால், ஒற்றை மட்டையாளருக்கு மட்டும் இறக்கப்படுபவராக அன்றி, நீண்ட நேரம் நம்பி எறியவிடப்படும் மாற்று எறிவாளராக இவர் உயர்ந்திருந்தது தெரியும். மேஜர் லீக்குக்கு இன்னும் மூன்று படிகள் இருந்தன. வயது 24.

காயம்

2013 பருவத்தை முழங்கைக் காயத்தால் இழந்தார். 'டாமி ஜான்' அறுவை மருத்துவம் செய்துகொள்ள நேர்ந்தது. முழங்கையின் கிழிந்த தசைநாருக்குப் பதிலாக உடலின் வேறிடத்து நாணை எடுத்துப் பொருத்தும் இம்முறையை, 1974 இல் பிராங்க் ஜோப் என்ற மருத்துவர் டாமி ஜான் என்னும் எறிவாளருக்கு முதன்முதலில் செய்தார். மீண்டும் ஆட்டத்துக்குத் திரும்ப ஓராண்டுக்கு மேல் ஆகும். ரிங்கு சிங்கோ 2014, 2015 பருவங்களிலும் ஆட இயலவில்லை. மேல்நிலை ஏ படியை இவர் எட்டவே இல்லை.

திரைப்படம்

டிஸ்னி நிறுவனத்தின் மில்லியன் டாலர் ஆர்ம் 2014 மே மாதம் வெளியானது. கிரெய்க் கில்லெஸ்பி இயக்கிய இப்படத்தில் பெர்ன்ஸ்டைனாக ஜான் ஹாம், தினேஷாக மதுர் மிட்டல் நடித்தனர். ரிங்குவாக நடித்த சூரஜ் சர்மா, புதுச்சேரியில் தொடங்கும் லைஃப் ஆஃப் பை (2012) படத்தின் மூலம் தமிழ் மக்களுக்கு அறிமுகமானவர். சென்னையைச் சேர்ந்த ஏ. ஆர். ரகுமான் இசையமைத்தார். படம் திரையரங்குகளில் ஓடிய நாட்களில் ரிங்கு சிங் பிராடென்டனில் கைக்கான மறுவாழ்வுப் பயிற்சியில் இருந்தார்.

மற்போர்

2018 ஜனவரியில் டபிள்யூ. டபிள்யூ. ஈ. நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து மற்போருக்கு மாறினார். சௌரவ் குர்ஜாருடன் இணைந்து 'இண்டஸ் ஷேர்' என்ற இணையாகவும், 2021 முதல் 'வீர்' என்ற பெயரிலும், 2022 ஏப்ரல் முதல் 'வீர் மகான்' என்ற பெயரிலும் களமிறங்கினார். 2024 ஏப்ரலில் அந்நிறுவனத்திலிருந்து விலகினார்.

பிற்காலம்

ரிங்கு சிங் ஆடிய லீக்குகளுள் சில இன்று இல்லை. 2020 பருவத்திற்குப் பின் மேஜர் லீக் தன் கீழ்நிலை அமைப்பைச் சுருக்கியபோது நியூயார்க்–பென் லீக் நிறுத்தப்பட்டது. வெஸ்ட் வர்ஜீனியா பவர் அணியும் மேஜர் லீக் இணைப்பை இழந்தது. தாய்வழியில் இந்திய வம்சாவளியினரும் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவருமான குமார் ராக்கர், 2024 செப்டம்பரில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணிக்காக மேஜர் லீக்கில் எறிந்தார். அவர் தொடக்க எறிவாளர்.