முந்நீரும் ஒரு முதுகலைப் பட்டமும்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் நான் பல ஆண்டுகள் சற்று வேகமாகக் கடந்துபோன நூற்பா ஒன்று உண்டு. அகத்திணையியலில் வருவது. கடல்வழிப் பயணத்தில் பெண்ணை உடன்கொண்டு போகும் வழக்கம் இல்லை என்பது அதன் சாரம். ஒற்றை வரி. தேர்வில் இரண்டு மதிப்பெண் வினாவுக்கு மேல் அதற்கு இடமில்லை. தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் நான், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே அதைச் சொல்லிவிட்டு அடுத்த நூற்பாவுக்குப் போய்விடுவேன்.

ஒருமுறை அப்படிப் போக முடியவில்லை. இளங்கலைத் தமிழ் மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "மேம், இது இப்பவும் இருக்கா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவளுடைய அம்மா உப்பளத்தில் உப்பு வாரும் கூலி; அப்பா டிரெய்லர் ஓட்டுநர். அன்று மாலை ஒரு விண்ணப்பத்தோடு என் அறை வாசலில் வந்து நின்றாள். துறைமுக, கப்பல் மேலாண்மையில் எம்.பி.ஏ. சேரப் போகிறாள், பரிந்துரைக் கடிதம் வேண்டும். "தமிழ் படிச்சிட்டுக் கப்பலான்னு வீட்டுல கேக்குறாங்க மேம்" என்றாள். என் மனசிலும் அந்தக் கேள்விதான் ஓடியது. அதை இன்று எழுத வெட்கமாக இருக்கிறது.

கடிதத்தை எழுதிக் கொடுத்த பிறகு அந்த நூற்பாவுக்கு நான் திரும்பப் போனேன். உரைமரபில் அதற்கு இரண்டு விதமாகப் பொருள் சொல்லியிருக்கிறார்கள். முந்நீர் என்பதைக் கடல் என்று கொள்வது ஒரு வழி. ஓதல், தூது, பொருள் என்னும் மூன்று தன்மைகளால் நிகழும் பிரிவு என்று கொள்வது இன்னொரு வழி. முதல் வழியில் பெண்ணுக்குக் கடல் இல்லை. இரண்டாவது வழியில், கல்விக்கும் தூதுக்கும் பொருளுக்கும் ஆண் புறப்படும் பயணங்களில் அவளுக்கு இடமில்லை. என் மாணவியோ கடலையும் கல்வியையும் சம்பாத்தியத்தையும் ஒரே விண்ணப்பத்தில் கேட்டிருந்தாள்.

இலக்கணம் பேசுவது அகப்பாடலின் மரபை, வாழ்க்கையின் சட்டத்தை அல்ல என்று சமாதானம் சொல்லலாம். அதில் உண்மையும் உண்டு. அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் தூது போனதைப் புறநானூறு சொல்கிறது. உப்புக்கு நெல்லை மாற்றாகக் கேட்டுத் தெருவில் கூவி விற்கும் பெண்ணைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. கரையில் நடக்கும் கொள்வினை கொடுப்பினையில் அவள் இருக்கிறாள். ஆனால் பட்டினப்பாலை விவரிக்கும் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத் துறையில், பண்டங்களை அளந்து புலிச் சின்னம் பொறித்துக் காவல் காக்கும் பணி ஆண்களுடையது. கடல் கடந்தவள் என்று நாம் பெருமையோடு சொல்லும் மணிமேகலைகூடக் கப்பலில் போகவில்லை. தூக்கத்தில் தெய்வம் அவளை மணிபல்லவத்துக்குத் தூக்கிச் சென்றது. பிறகு மந்திரத்தால் வான்வழியே போய் வந்தாள். கப்பலின் தளத்தில் ஒரு பெண்ணை நிறுத்துவதைவிட அவளைப் பறக்கவைப்பது காப்பியத்துக்கு எளிதாக இருந்திருக்கிறது.

நம் பெண்கள் கப்பல் ஏறவே இல்லையா? ஏறினார்கள். 1860 நவம்பர் 16 அன்று மெட்ராஸிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தபோது, நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கான ஒப்பந்தக் கூலிகளில் பெண்களும் இருந்தார்கள். பின்னாளில் நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற விகிதத்தைக் குடியேற்ற விதிகள் வகுத்தன. தோட்டத்துக்கு ஆள் நிலைக்க வேண்டும், குடும்பம் வேண்டும் என்பதற்காகப் பெண் எண்ணப்பட்டாள். எனவே தடை கடலின் மேல் இருந்ததில்லை. ஏற்றப்படும் உடலாகப் பெண் போகலாம்; கப்பலை நடத்தும் கையாகப் போகக் கூடாது. இப்படிப் படித்தால்தான் நூற்பாவின் பின்கதை விளங்குகிறது.

கப்பலை நடத்தும் கை என்று வந்தவுடன் பூட்டு வேறோர் இடத்துக்கு மாறியது. அந்த இடம் தேர்வறை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த விக்டோரியா ட்ரம்மண்ட் பிரிட்டனின் முதல் பெண் கடற்பொறியாளர். 1922இல் முதல் கப்பலில் சேர்ந்தார். 1926இல் இரண்டாம் பொறியாளர் சான்றிதழ் பெற்றார். தலைமைப் பொறியாளர் தேர்வை முப்பது முறைக்கும் மேல் எழுதினார். ஒவ்வொரு முறையும் தோல்வி என்றார்கள். கடைசியில் பனாமா நாட்டுச் சான்றிதழைப் பெற்றார். 1940 ஆகஸ்டில் 'பொனிட்டா' கப்பலை விமானம் குண்டுவீசித் தாக்கியபோது, இயந்திர அறையில் தனியாக நின்று கப்பலை ஓடவைத்தார். பிரிட்டன் அவருக்குப் பதக்கம் கொடுத்தது. தேர்ச்சி மட்டும் கொடுக்கவில்லை. அரியர் எழுதும் பெண்களுக்கு நான் சொல்லும் கதை இது.

நம் நாட்டில் வேறொரு வாசல் திறந்தது. சுமதி மொரார்ஜி, சிந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தின் நிர்வாகத்தில் 1923இல் சேர்ந்தபோது பதின்ம வயதுப் பெண். பிறகு அந்த நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பையே ஏற்றார். 1956இல் இந்தியக் கப்பல் உரிமையாளர் சங்கத்தின் தலைவரானார். கப்பல் மேலாண்மை என்ற பட்டம் இங்கே இல்லாத காலத்தில் அதை நடத்திக் காட்டியவர். அவர் திறமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவருக்குத் திறந்தது புகுந்த வீட்டுக் கதவு. நிறுவனத்தைத் தோற்றுவித்த குடும்பத்தின் மருமகள் அவர். உப்பளத்துக் கூலியின் மகளுக்கு அந்தக் கதவு கிடையாது. அவளுக்கு ஒரு சான்றிதழ் வேண்டும். இந்த முதுகலைப் படிப்பின் அருமை இங்கேதான் இருக்கிறது.

அந்தப் படிப்புக்கு வயது அதிகமில்லை. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 1983இல் ஸ்வீடனின் மால்மோ நகரில் உலகக் கடல்சார் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. 1988இல் பெண்களுக்கெனத் தனித் திட்டம் வகுத்தது. நம் நாட்டில் 2008இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் உருவானது.

அவள் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நோட்டுகளோடு வருவாள். எனக்கு அவள் ஆசிரியை ஆனாள். சரக்கை ஏற்றி இறக்க ஒப்பந்தப்படி கொடுக்கும் காலம் லேடைம். அதைத் தாண்டினால் கட்டும் பணம் டெமரேஜ். பில் ஆஃப் லேடிங் என்பது ரசீதும் ஒப்பந்தமும் சரக்கின் உரிமைப் பத்திரமும் சேர்ந்த ஒரே தாள். எந்தக் கண்டெய்னர் எந்தத் துறைமுகத்தில் இறங்கும் என்று பார்த்து அடுக்காவிட்டால், கீழே இருப்பதை எடுக்க மேலே இருப்பதையெல்லாம் இறக்கி ஏற்ற வேண்டும். "அம்மா உப்பு மூட்டை அடுக்கிற கணக்குத்தான் மேம்" என்றாள்.

இது வெறும் காகித வேலை என்று நினைத்திருந்தேன். 1987இல் பெல்ஜியத்தின் ஸேபுருக் துறைமுகத்தைவிட்டுக் கிளம்பிய 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ்' என்ற பயணிகள் கப்பல், முன்கதவு மூடப்படாமலே கடலுக்குள் போய்க் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தார்கள். விசாரணை கப்பல் ஊழியர்களோடு நிற்காமல் கரையிலிருந்த நிர்வாகத்தையும் குற்றம் சொன்னது. அந்த விபத்தின் பாடத்திலிருந்து பிறந்த ஐ.எஸ்.எம். விதித்தொகுப்பு 1998இல் நடைமுறைக்கு வந்தது. கப்பலுக்கும் நிறுவனத்தின் உச்ச நிர்வாகத்துக்கும் இடையே நேரடித் தொடர்பாக, கரையில் ஒருவரை நியமிப்பது கட்டாயமானது. கரையில் இருக்கும் நாற்காலிக்கும் கடலில் இருக்கும் உயிர்களின் பொறுப்பு உண்டு என்று அதற்குப் பிறகு யாரும் மறுக்க முடியாது.

ஆனால் அந்த நாற்காலிக்குப் பெரும்பாலும் கேட்கப்படுவது கடலில் கழித்த காலம். துறைமுகத்தின் ஹார்பர் மாஸ்டர், நிறுவனத்தின் மரைன் சூப்பரின்டெண்டென்ட் போன்ற பதவிகளுக்குக் கப்பல் அதிகாரியாக இருந்தவர்களே வருகிறார்கள். அனுபவம் வேண்டும் என்பது நியாயம். அந்த அனுபவத்தைப் பெறப் பெண்ணுக்குக் கப்பலில் இடம் தருகிறார்களா என்பதுதான் கேள்வி. 2021இல் உலகக் கடலோடிகளில் பெண்கள் 24,059 பேர், 1.28 சதவீதம். அதே ஆண்டு பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு எடுத்த கணக்கில், பதிலளித்த கடல்சார் நிறுவனங்களின் ஊழியர்களில் பெண்கள் 29 சதவீதம். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெண்கள் கரைவரை வந்துவிட்டார்கள். கப்பலின் ஏணியில் இன்னும் கூட்டம் இல்லை.

ஏறியவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறது. 1999இல் சோனாலி பானர்ஜி இந்தியாவின் முதல் பெண் கடற்பொறியாளரானார். கேரளத்தின் ராதிகா மேனன் வானொலி அதிகாரியாகச் சேர்ந்து, படிப்படியாகத் தேர்வெழுதிக் கேப்டனானார். 2015 ஜூனில் ஒடிசாவின் கோபால்பூருக்கு அருகே, இயந்திரம் பழுதாகி அலைந்த 'துர்கம்மா' படகிலிருந்து ஏழு மீனவர்களைக் கொந்தளிக்கும் கடலில் மீட்டார். அடுத்த ஆண்டு, கடலில் காட்டிய அசாதாரண வீரத்துக்கான பன்னாட்டு விருதைப் பெற்ற முதல் பெண் அவரே. சென்னையில் பிறந்த ரேஷ்மா நிலோஃபர் ஹூக்ளி ஆற்றில் கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட்.

என் மாணவி பட்டம் வாங்கினாள். ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் நேர்காணல். கப்பல் கரைக்கு வந்ததும் முதலில் ஏறிக் கேப்டனிடம் ஆவணங்களைச் சரிபார்க்கும் போர்டிங் வேலையைக் கேட்டாள். "பொம்பளப் பிள்ளைய ராத்திரி கப்பலுக்கு அனுப்ப முடியாதும்மா. டாக்குமென்டேஷன்ல உட்காரு, ஏசி ரூம்" என்று அன்பாகவே சொன்னார்களாம். நூற்பா இப்போது அன்பின் குரலில் பேசுகிறது. கப்பல்கள் பகலில் மட்டும் வருவதில்லை. போர்டிங் போகாதவருக்கு ஆபரேஷன்ஸ் பிரிவில் பதவி உயர்வு இல்லை. ஒரு இரவு வேலையை மறுத்தால், இருபது ஆண்டுக்குப் பிறகு வரவேண்டிய நாற்காலியையும் சேர்த்து மறுத்ததாகிறது.

அவள் சண்டை போடவில்லை, உட்காரவும் இல்லை. டாக்குமென்டேஷனில் சேர்ந்து, போர்டிங்குக்குத் தேவையானவற்றைப் பட்டியலிட்டு எழுதிக் கொடுத்தாள்: போகவர வண்டி, கூட ஒரு ஊழியர், தன் அளவுக்குப் பாதுகாப்புக் காலணி. கேட்டது சலுகை இல்லை. கப்பலில் வேலை செய்பவர்களுக்கான பன்னாட்டுத் தொழிலாளர் உடன்படிக்கையே இன்று, பாதுகாப்பு உபகரணம் உரிய அளவில் இருக்க வேண்டும் என்கிறது. அந்தத் திருத்தம் 2024 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது என்பதை மட்டும் நாம் மறக்க வேண்டாம்.

இந்த ஆண்டு அந்த நூற்பாவுக்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்கினேன். இரண்டு உரைகளையும் பலகையில் எழுதிப் போட்டேன். பாடம் முடிந்து வெளியே வந்தபோது அவளிடமிருந்து அழைப்பு.

"பகல் போர்டிங் கொடுத்துட்டாங்க மேம். இன்னைக்கு முதல் கப்பல் ஏறினேன். ஏணி ரொம்ப ஆடுச்சு."

"ராத்திரி?"

"திரும்ப எழுதிக் கொடுத்திருக்கேன் மேம்."