பச்சைமலையின் இரண்டு ஐகாரங்கள்

திருச்சி மாவட்டத்தில் துறையூருக்கு அப்பால் நீண்டு கிடக்கிறது பச்சைமலை. பலாவும் மரவள்ளியும் விளைகிற மலை. மலையாளி என்ற பழங்குடி மக்கள் வாழ்கிற மலை. அதன் அழகை வர்ணிக்க நான் வரவில்லை. அதன் பெயரைப் பற்றித்தான் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

'பச்சைமலை' என்ற சொல்லில் இரண்டு ஐகாரங்கள் உள்ளன. 'சை' ஒன்று, 'லை' ஒன்று. இன்றைக்கு இரண்டுக்கும் ஒரே கொம்புதான். ஆனால் 1978-க்கு முன் அச்சான பெரும்பாலான புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். 'சை'க்கு முன்னால் தனிக் கொம்பு நிற்கும். 'லை'யோ, துதிக்கை போன்ற ஒரு வளைவை முன்புறம் தன்னோடு ஒட்டிக்கொண்டு ஒரே எழுத்தாக நிற்கும். ண, ல, ள, ன என்ற நான்குக்கும் அந்தத் துதிக்கை உண்டு. அது எங்கே போயிற்று? ஏன் போயிற்று? இதுதான் வழக்கு.

விடை தேட வேண்டுமானால் ஈயத்திலிருந்து தொடங்க வேண்டும். 1578-இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களில் அச்சாயிற்று. பிறகு தரங்கம்பாடியில் சீகன்பால்குக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து 1713-இல் தமிழ் எழுத்துக்கள் வந்து சேர்ந்தன. வந்த எழுத்துக்கள் பெரியவை; காகிதத்தையோ விழுங்கித் தீர்த்தன. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்களை வார்த்து, 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். காகிதத்தின் விலையே எழுத்தின் அளவைத் தீர்மானித்தது, பார்த்தீர்களா?

திருச்சிப் பக்கமும் இந்தத் தொழிலுக்குப் புதிதல்ல. ஸ்ரீரங்கத்து வாணி விலாஸ் அச்சுக்கூடம் 1910-இல் ஆதிசங்கரர் நூல்களை 20 தொகுதிகளாக வெளியிட்டது. அத்தகைய அச்சுக்கூடங்களில் ஒவ்வொரு எழுத்துக்கும் கேஸில் ஓர் அறை வேண்டும். கம்பாஸிட்டர் அளவுகோலை வைத்து எழுத்தின் அகலத்தை அளப்பதில்லை. ஈயத்தின் உடம்பே அகலம். 'ண' தடித்த உடம்பு, 'ர' ஒல்லி உடம்பு. வரிசையாக அடுக்கினால் வரி தானே அமையும். ஆனால் துதிக்கை வைத்த நான்கு எழுத்துக்கும் நான்கு தனி அறை, தனி வார்ப்பு. செலவு, இடம், உழைப்பு!

பெரியார் இதைப் பார்த்தார். 1935-இல் 'குடி அரசு' இதழில் 13 எழுத்துக்களைச் சீர்திருத்தி அச்சிடத் தொடங்கினார். கற்பதும் எளிது, அச்சடிப்பதும் எளிது என்பது அவர் வாதம். 1978-இல் தமிழக அரசு அதையே ஆணையாக்கியது. துதிக்கை மறைந்தது. அன்றைய ஈயத்தையும் தட்டச்சு யந்திரத்தையும் வைத்துப் பார்த்தால் நியாயமான தீர்ப்பு என்றே நான் சொல்வேன்.

ஆனால் அதே 1978-இல், கடல் கடந்து அமெரிக்காவில் இன்னொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. ஸ்டான்ஃபோர்டில் டொனால்ட் நூத் என்ற கணினி அறிவியல் பேராசிரியர், தம் புத்தகத்தின் அச்சு நகல் அழகாயில்லை என்று மனம் நொந்து, தாமே 'டெக்' என்ற அச்சுக்கோப்பு நிரலை எழுதினார். அந்த நிரலில் ஒரு விசித்திரம். அதற்கு எழுத்தின் வடிவமே தெரியாது! 'ல' எப்படி வளையும் என்பது அதற்கு அக்கறையில்லை. அதன் அகலம் என்ன, உயரம் என்ன, வரிக்குக் கீழே எவ்வளவு இறங்கும் என்பது மட்டும் போதும். இந்தக் கணக்கெல்லாம் ஒரு சிறு அளவைக் கோப்பில் இருக்கும். ஈயத்தின் உடம்பு போய், எண்களின் உடம்பு வந்தது.

அந்தக் கோப்பு எப்படிப் பிறக்கிறது? நூத்தின் மற்றொரு நிரலான 'மெட்டாஃபாண்ட்'டைக் கட்டளை வரியில் அழைத்து, தகுந்த கட்டளையோடு எழுத்துருவின் பெயரைத் தட்டினால், ஒரே மூச்சில் இரண்டு கோப்புகள் வரும்: ஒன்று எழுத்துக்களின் படம், மற்றது அளவை. 1990-ஐ ஒட்டி வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ரிட்ஜ்வே என்பவர் இவ்வழியில்தான் தமிழ் எழுத்துரு ஒன்றைச் செய்தார். அளவைக் கோப்பில் 256 எழுத்துக்களுக்கு மேல் இடமில்லை. தமிழுக்கோ 247 எழுத்து. கிரந்த வரிசைகளும் எண்களும் குறிகளும் சேர்ந்தால் கொள்ளாது. கொம்பையும் காலையும் தனியே பிரித்து வைத்தால் கொள்ளும். பழைய கம்பாஸிட்டர் கண்ட அதே தந்திரம்!

அளவு பிசகினால் என்ன ஆகும்? 'ண'வின் அகலத்தைக் குறைத்து எழுதிவிட்டால், அடுத்த எழுத்து அதன் வாலின் மேல் ஏறி உட்காரும். படம் எவ்வளவு அழகாயிருந்தும் பயனில்லை.

இப்போது வழக்கின் முக்கியக் கட்டத்துக்கு வருகிறேன். அந்த அளவைக் கோப்பில், அகலத்தைத் தவிர இன்னொரு பட்டியலும் உண்டு: இந்த எழுத்தை அடுத்து அந்த எழுத்து வந்தால், இரண்டையும் நீக்கி மூன்றாவது ஒன்றை வை என்று சொல்லும் பட்டியல். கொம்பை அடுத்து 'ல' வந்தால் துதிக்கை 'லை'யை வை என்று அதில் ஒரு வரி. வடிவத்தை ஒருமுறை வரைந்துவிட்டால், அந்த ஒரே வரி போதும்! தனி அறை வேண்டாம், வார்ப்பு வேண்டாம், ஈயம் வேண்டாம். இன்றைய புதிய எழுத்துருக்களில் அளவையும் இந்தப் பட்டியலும் எழுத்துருவின் உள்ளேயே அடங்கிவிட்டன. யூனிகோடிலும் 'லை' என்பது ல-வும் ஐகாரக் குறியும்தான்; எப்படித் தோன்ற வேண்டும் என்பது எழுத்துருவின் விருப்பம்.

அப்படியானால் பழைய எழுத்தைத் திரும்பக் கொண்டு வர வேண்டுமா? பள்ளிப் பிள்ளைகள் தலையில் மறுபடி அதைச் சுமத்தச் சொல்ல மாட்டேன். சீர்திருத்தம் அவர்களுக்கு நன்மையே செய்தது. ஆனால் அவர்கள் தாத்தாவின் அலமாரியில் உள்ள நாவலைக் கையிலெடுத்து, 'மலை' என்ற சொல்லிலேயே தடுக்கி நிற்கிறார்களே, அதை நினைத்தால் மனம் வலிக்கிறது. பழைய நூல்களை மறுபதிப்புச் செய்கிறவர்கள் ஒரு பதிப்பையாவது பழைய உருவில் தரலாம். முன்பு, செலவாகும் என்று சொல்ல ஈயம் இருந்தது. இனி அந்தச் சாக்கு செல்லாது. எழுத்தை வைத்துக்கொள்வதும் விடுவதும் இன்று யந்திரத்தின் கையில் இல்லை; நம் கையில் இருக்கிறது.