இரண்டாம் முறை விசாரித்த வழக்கு

பேரன் என் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்த ஒரு விளையாட்டை இப்போது இரண்டாம் தடவையாக ஆடிக்கொண்டிருக்கிறேன். பெயர் 'ஏஸ் அட்டர்னி'. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 2001-ல் முதலில் வெளியிட்டது. சுடுவது, ஓடுவது எதுவும் கிடையாது. படக்கதை மாதிரி வாசித்துக்கொண்டே போக வேண்டும். பீனிக்ஸ் ரைட் என்ற இளம் வக்கீல், செய்யாத கொலைக்காகக் கூண்டில் நிற்பவருக்கு வாதாடுகிறார். சாட்சி சொல்வதை வரி வரியாகக் குறுக்கு விசாரணை செய்து, பொய்யான வரி வரும்போது 'ஆட்சேபணை!' என்று தடயத்தை எடுத்து நீட்ட வேண்டும். பிரெஞ்சிலும் கிடைக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அது வசதி.

முடிவு தெரிந்த கதையை மறுபடி ஏன் ஆட வேண்டும் என்று வீட்டில் கேட்கிறார்கள். முதல் தடவை 'யார் செய்தது' என்பதிலேயே புத்தி ஓடிவிடும். இரண்டாம் தடவைதான், ஒரு பொய் எந்த வழியாக நீதிமன்றத்துக்குள் நுழைந்து உண்மையாக உட்கார்ந்துகொண்டது என்று பார்க்க முடிகிறது. அப்படி இரண்டாம் முறை பார்க்கப்பட்ட நிஜ வழக்கு ஒன்று நான் பள்ளிக்கூடம் போன ஊரிலேயே நடந்திருக்கிறது. முந்நூறு வருஷத்துக்கு முந்தைய நைனியப்ப பிள்ளை வழக்கு.

நைனியப்ப பிள்ளை பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகர். பிரெஞ்சில் 'கூர்த்தியே' என்பார்கள். துணி கொள்முதல், கடன், உள்ளூர்க்காரர்களோடு பேச்சு எல்லாம் அவர் கையில். 1708-ல் அவர் அந்தப் பதவிக்கு வந்தபோது கவர்னராக இருந்தவர் எபேர். இந்த எபேர் வேலை போய்ப் பாரிசுக்குத் திரும்பி, ஏசுசபைப் பாதிரிமார்களின் ஆதரவோடு 1715-ல் மறுபடி புதுச்சேரிக்கு வந்தார். கம்பெனியின் பெரிய பதவியில் ஒரு இந்து இருப்பது பாதிரிமார்களுக்குப் பிடிக்கவில்லை. 1716 பிப்ரவரியில் நைனியப்ப பிள்ளை கைது செய்யப்பட்டார். கொடுங்கோன்மை, ராஜத்துரோகம் என்று குற்றச்சாட்டு. 1715-ல் மத விஷயமான கெடுபிடியால் தமிழர்கள் கூட்டமாக ஊரைவிட்டு வெளியேறியதற்குத் தூண்டுகோல் அவர்தான் என்றார்கள்.

தீர்ப்பு அந்த ஜூனில் வந்தது. கடைத்தெருவில் ஐம்பது கசையடி, மூன்று வருஷம் சிறை, 8,888 வராகன் அபராதம், சொத்து பறிமுதல், பிள்ளைகளை ஊரைவிட்டு விலக்கல். அவருடைய இடத்துக்குப் பெத்ரோ என்ற தமிழ்க் கிறிஸ்தவர் வந்தார். 1717-ல் நைனியப்ப பிள்ளை சிறையிலேயே இறந்துபோனார்.

இந்த விசாரணையில் என் கவனம் போவது நீதிபதியிடம் அல்ல, மொழிபெயர்ப்பாளரிடம். பெயர் மானுவேல். பாதிரிமார்களின் தலைமை உபதேசியாருடைய மகன், பிரான்சு போய் வந்தவர். சாட்சிகள் தமிழில் பேசினார்கள், பதிவு பிரெஞ்சில் நடந்தது. நடுவில் நின்றவர், குற்றம் சாட்டப்பட்டவரை விலக்க விரும்பியவர்களின் வீட்டுப்பிள்ளை. பின்னால் மறுவிசாரணை வந்தபோது, தங்களுக்குப் புரியாத பாஷையில் இருந்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டோம், அதில் என்ன எழுதியிருந்தது என்று தெரியாது என்று சாட்சிகள் சொன்னார்கள். முதல் விசாரணையில் பொய் நுழைந்த வாசல் இதுதான்.

வழக்கை மறுபடி திறக்க வைத்தவர்கள் பலர். செயின்ட் மாலோ துறைமுகத்து வணிகர்கள் அவருக்காக பிரான்சில் பேசினார்கள். ஏசுசபைக்கு எதிரணியில் இருந்த பாதிரிமார்களும் பேசினார்கள். பிள்ளைகள் மனுமேல் மனு போட்டார்கள். மூத்த மகன் குருவப்ப பிள்ளை கப்பலேறிப் பாரிசுக்கே போனார். 1718-ல் எபேரின் பதவி போயிற்று. 1720 வாக்கில் தண்டனை ரத்தாகி, குடும்பத்துக்கு நஷ்டஈடு தரவேண்டிய பொறுப்பு எபேர் தலையில் விழுந்தது. குருவப்ப பிள்ளை 1719-ல் பாரிசில் ஞானஸ்நானம் பெற்றார். ஞானத்தந்தை, அப்போது ராஜாவின் சார்பில் நாட்டை ஆண்ட ஓர்லெயான் கோமகன். செயின்ட் மிஷேல் வீரப் பட்டமும் கிடைத்தது. 1722-ல் ஊர் திரும்பித் தகப்பனார் பதவியிலேயே உட்கார்ந்தார், 1724-ல் காலமானார். இந்து என்பதால் தகப்பனாரை விரட்டிய பதவிக்கு மகன் கிறிஸ்தவராகித்தான் திரும்ப முடிந்தது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையை எல்லோருக்கும் தெரியும். அவருடைய தகப்பனார் திருவேங்கடம் பிள்ளை நைனியப்ப பிள்ளையின் மைத்துனர். இந்த வழக்கில் அவரும் சிக்கினார். டானா அக்மோன் என்ற வரலாற்றாய்வாளர் 2017-ல் இந்த வழக்கைப் பற்றி முழு நூலே எழுதியிருக்கிறார்.

விளையாட்டில் தோற்றால் அதே காட்சியை மறுபடி ஆரம்பிக்கலாம், கட்சிக்காரர் அப்படியே கூண்டில் நிற்பார். இங்கே வழக்கு ஜெயித்தபோது கட்சிக்காரர் உயிரோடு இல்லை. பெயர் திரும்பியது, காசும் ஓரளவு திரும்பியது. கடைத்தெருவில் வாங்கிய அடி வாங்கியதுதான்.

நான் அரசாங்க எழுத்தராக இருந்த வருஷங்களில் எத்தனையோ வாக்குமூலங்களின் கடைசி வரியை எழுதியிருக்கிறேன். 'படித்துக் காட்டக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டேன்.' பலருக்கு அது வெறும் சம்பிரதாயம். பாதி படிக்கும்போதே தலையாட்டிவிட்டுக் கட்டைவிரலை மைப்பெட்டிக்குக் கொண்டுபோவார்கள். எங்கள் முள்ளிப்பட்டுப் பக்கத்து நெசவாளி ஒருவர் மட்டும், வயது அறுபதுக்கு மேல் இருக்கும், "இன்னொரு வாட்டி படிங்க சார்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டாம் தடவை முழுவதும் கேட்ட பிறகுதான் விரலை நீட்டினார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். அவர் அசையவில்லை.

1973-ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 278-ஆம் பிரிவு, சாட்சியத்தை எழுதி முடித்ததும் சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும், அவருக்குப் புரியாத வேறு மொழியில் எழுதியிருந்தால் அவர் சொன்ன மொழியிலோ அவருக்குப் புரியும் மொழியிலோ விளக்க வேண்டும் என்றது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்திலும் இந்த விதி இருக்கிறது. 1716-ல் புதுச்சேரியில் இதை ஒழுங்காகச் செய்திருந்தால் அந்தக் காகிதங்களில் பாதி கையெழுத்தாகியிருக்காது.

ஆகவே அன்பர்களே, வங்கியோ பத்திரப் பதிவோ காவல் நிலையமோ, புரியாத பாஷையில் காகிதம் நீட்டினால் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.